உணவுக்குக் காத்திருக்கும் இரசம்

திராட்சை இரசம் என்னும் சொல் நம் மக்களிடையே இரண்டே இடங்களில் ஒலிக்கிறது. ஒன்று பலிபீடம். மற்றொன்று, கிறிஸ்து பிறப்பு விழாவுக்குச் சில வாரங்கள் முன்னதாகச் சமையலறையின் இருண்ட மூலையில் வாய்க்குத் துணி கட்டி வைக்கப்படும் பீங்கான் சாடி. முன்னதை நம்மில் பெரும்பாலோர் சுவைத்ததில்லை. பின்னதைச் சுவைத்தவர்களுக்குத் தெரியும்: சர்க்கரையும் கிராம்பும் பட்டையும் சேர்ந்த அந்தப் பானம் ஏறத்தாழ ஒரு பாகு. ஆகவே திராட்சை இரசம் என்றால் இனிப்பு என்றே நம் நாக்கு பழகியிருக்கிறது.

போர்த்துக்கல் நாட்டின் பைராடாப் பகுதியில் விளையும் சிவப்புத் திராட்சை இரசம் இந்தப் பழக்கத்துக்கு நேர் எதிரானது. அதில் இனிப்பு மருந்துக்கும் இல்லை. முதலில் புளிக்கிறது, அடுத்த கணமே துவர்க்கிறது. வாழைக்காய் நறுக்கிய விரல்களில் ஒட்டும் பிசினைப்போல நாவிலும் ஈறிலும் ஏதோ ஒன்று படிந்து இறுகுகிறது. இதையா விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்று கேட்கத் தோன்றும். அதே இரசம் தக்க உணவோடு சேரும்போது என்ன ஆகிறது என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம். அதற்கு முன், இதைப் பற்றி எழுத இவர்களுக்கு என்ன தகுதி என்று கேட்கும் உரிமை வாசகர்களுக்கு உண்டு.

பெரிய தகுதி ஒன்றும் இல்லை. நாங்கள் ஓய்வு பெற்ற ஆசிரியத் தம்பதியர். எங்கள் இளைய மகள் கொயிம்ப்ரா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் பாத்திமா அன்னையின் திருத்தலத்தைத் தரிசித்த பின்னர், வடக்கே கொயிம்ப்ரா சென்று மூன்று வாரங்கள் அவளோடு தங்கினோம். அவள் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் எழுபது வயதைக் கடந்த ஒரு கைம்பெண். பைராடாவின் நடுவிலுள்ள அனாடியாவுக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்து வளர்ந்தவர். அவரது சமையலறை மேசைதான் இவ்விஷயத்தில் எங்கள் பள்ளிக்கூடம். மொழிபெயர்ப்பாளர் எங்கள் மகள்.

மேலும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் மது பேசப்படாத சொல். எங்களுள் ஒருவரின் தந்தை சாராயத்தால் நாற்பத்து நான்காம் வயதில் இறந்தவர். கூலி வாங்கிய கையோடு, நின்ற நிலையில், வெறும் வயிற்றில் குடித்துவிட்டு வீடு சேருவார். அரிசி வாங்க வேண்டிய காசு அது. குடித்தவருக்குப் பசி தெரியாது. காத்திருந்த ஐந்து பிள்ளைகளுக்குத் தெரியும். அதனால் சுற்றத்தார் வீடுகளில் இருந்த கிறிஸ்துமஸ் சாடிகூட எங்கள் வீட்டில் இருந்ததில்லை. அந்த அம்மையாரின் மேசையில் முதன்முறை கண்ணாடிக் குவளையைக் கண்டபோது எங்களில் ஒருவரின் கை தானாகவே மடிக்குப் போய்விட்டது. அவர் வற்புறுத்தவில்லை. உரொட்டிக் கூடையை மட்டும் எங்கள் பக்கம் நகர்த்தினார்.

பைராடா, கொயிம்ப்ராவுக்கும் அவெய்ரோவுக்கும் இடையில், அட்லாண்டிக் கடலின் ஈரக்காற்று படும் தாழ்நிலம். சுண்ணாம்பு கலந்த களிமண் பூமி. களிமண்ணைக் குறிக்கும் 'பாரு' என்ற போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்தே ஊருக்குப் பெயர் வந்ததாகச் சொல்கிறார்கள். இங்கே ஆட்சி செலுத்தும் திராட்சையின் பெயர் 'பாகா'. அச்சொல்லுக்குச் சிறுகனி என்பதே பொருள். மணிகளும் அவ்வாறே சிறியவை, கருமையானவை. அது காலந்தாழ்த்திப் பழுக்கும் இனம். அது பழுத்து முடிவதற்குள் இலையுதிர்கால மழை வந்துவிட்டால் குலைகள் அழுகிப்போகும். அழுகலுக்கு அஞ்சி முன்கூட்டியே பறித்தால் புளிப்பும் துவர்ப்பும் அடங்காத இரசம் கிடைக்கும். எனவே பைராடா உழவர் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மாதத்தை வானத்தைப் பார்த்தபடியே கழிக்கிறார். நாங்கள் தங்கியிருந்த நாள்களில் அம்மையாரின் தம்பி தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் பேச்சு மழையில் தொடங்கி மழையில் முடிந்தது. தஞ்சையிலே அறுவடைக்கு நிற்கும் நெல்லைப் பற்றி நாம் கேட்டுப் பழகிய அதே குரல்.

துவர்ப்புக்குக் காரணம் டானின் என்னும் பொருள். திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் அது இருக்கிறது. பழைய முறைப்படி காம்போடு சேர்த்தே கல்தொட்டிகளில் மிதித்து நொதிக்க விடுவார்கள். எனவே துவர்ப்பு மிகும். நம் உமிழ்நீரிலே வழவழப்பைத் தரும் புரதங்கள் உள்ளன. டானின் அவற்றைப் பற்றிக்கொண்டு திரளச் செய்கிறது. வாய் வறண்டு இறுகுவது அதனால்தான். ஆனால் வாயில் இறைச்சியும் கொழுப்பும் இருக்குமானால் டானின் அவற்றையும் பற்றுகிறது, உமிழ்நீர் பிழைத்துக்கொள்கிறது. கொழுப்பால் நாவில் படிந்த திகட்டலைப் புளிப்பு அறுத்துவிடுகிறது. அறுசுவையில் துவர்ப்பையும் ஒன்றாக எண்ணி இடம் கொடுத்த மொழி நம்முடையது. அந்த மொழியில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வெற்றிலையோடு சேரும் பாக்கின் துவர்ப்பை, விருந்துக்குப் பின் நாம் விரும்பித்தானே தேடுகிறோம்!

இந்த இரசத்துக்கு ஒரு பகைவர் இருந்தார். அவரது பெயர் தமிழகக் கத்தோலிக்கருக்கும் புதிதன்று. பொம்பால் பிரபு. 1759ஆம் ஆண்டில் இயேசு சபையாரைப் போர்த்துக்கல்லிலிருந்தும் அதன் ஆட்சிப் பகுதிகளிலிருந்தும் வெளியேற்றியவர் அவரே. வீரமாமுனிவர் போன்றோர் உழைத்த மதுரை மறைப்பணித்தளம் அந்த அடியால் நிலைகுலைந்த வரலாறு நம் திருச்சபை நூல்களில் உண்டு. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாக, 1756இல், அவர் வேறொரு காரியம் செய்தார். வடக்கே டோரு ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளைந்த போர்ட் இரசத்தில் கலப்படம் மலிந்து, அதன் பெயர் இங்கிலாந்துச் சந்தையில் கெட்டுக்கொண்டிருந்தது. பொம்பால் ஓர் அரசாங்க நிறுவனத்தை ஏற்படுத்தி, அப்பள்ளத்தாக்குக்கு எல்லை வகுத்தார். போர்ட் இரசத்தோடு பைராடாவின் கருஞ்சிவப்பு இரசத்தைக் கலந்து விற்ற வணிகருக்கு முடிவு கட்ட விரும்பிய அவர், வணிகரை விட்டுக் கொடியைத் தண்டித்தார். பைராடாவில் திராட்சைக் கொடிகளை வேரோடு பிடுங்க ஆணை பிறந்தது. லிஸ்பனுக்கு அருகே ஒயிராஷில் இருந்த அவருடைய சொந்தத் தோட்டத்துக்கு அத்தகைய தீங்கு எதுவும் நேரவில்லை. எல்லை வகுத்தது நல்ல காரியம் என்று இன்றும் போற்றுவோர் பலர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் களிமண்ணை நம்பி வாழ்ந்த சிறு உழவனுக்கு அந்த நன்மை எவ்வாறு சென்று சேர்ந்தது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. லிஸ்பனுக்கும் கொயிம்ப்ராவுக்கும் இடையே ஓடும் இரயில் பொம்பால் என்ற ஊரில் நிற்கிறது. மன்னர் முதலாம் யோசேப்பு 1777இல் இறந்தபின் அதிகாரம் இழந்த பொம்பால் பிரபு, 1782இல் கண்மூடியது அவ்வூரில்தான்.

கொடிகள் திரும்பவும் நடப்பட்டன. பைராடா தனக்கென எல்லை வகுக்கப்பட்ட இரசப் பகுதியாக ஏற்கப்பட்டதோ 1979இல். டோருவுக்கும் இதற்கும் இடைவெளி இருநூற்று இருபத்து மூன்று ஆண்டுகள்!

இனி உணவுக்கு வருவோம். பைராடாவின் பெயரோடு பிரிக்க முடியாமல் பிணைந்திருப்பது 'லெய்த்தாவ்', அதாவது பால்குடி மறவாத பன்றிக்குட்டி. மெயல்யாடா என்ற ஊரின் நெடுஞ்சாலை ஓரத்தில் இதற்கென்றே உணவகங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு மாதம் அல்லது ஒன்றரை மாதக் குட்டியைச் சுத்தம் செய்து, பூண்டு, உப்பு, மிளகு, பன்றிக்கொழுப்பு இவற்றை அரைத்த விழுதை வயிற்றுக்குள் பூசித் தைத்து, நீண்ட கம்பியில் கோத்து, விறகு எரித்துச் சூடேற்றிய அடுப்பறைக்குள் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சுடுகிறார்கள். கவாத்து செய்த திராட்சைக் கொடிகளும் விறகாகின்றன. இடையிடையே வெளியே இழுத்து, வெள்ளைத் திராட்சை இரசத்தைத் தெளிப்பார்கள். தோல் அப்பளம்போல் மொறுமொறுப்பது அதனால். துண்டுகளாக வெட்டி, வட்டமாக நறுக்கிய ஆரஞ்சுப் பழத்தோடு பரிமாறுகிறார்கள்.

எங்கள் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களையும் அம்மையாரையும் அங்கே அழைத்துச் சென்றாள். பெரும்பாலான மேசைகளில் நுரை பொங்கும் வெள்ளை இரசமே இருந்தது. இவ்வட்டாரத்தில் நுரை இரசமும் பெயர் பெற்றது. கொழுத்த இறைச்சிக்கு அதுவே பொருத்தம் என்பார் இங்கே ஏராளம். எங்கள் அம்மையார் அக்கட்சியைச் சேர்ந்தவர் அல்லர். 2005ஆம் ஆண்டின் பாகா ஒன்றை வரவழைத்தார். முதலில் எங்களுக்கு அரைவிரல் அளவு ஊற்றி, எதுவும் உண்ணாமல் சுவைக்கச் சொன்னார். முகம் சுளித்தோம். அவர் சிரித்தார். பின்பு ஒரு துண்டு இறைச்சியைத் தோலோடு உண்ணச் செய்து, மீண்டும் ஒரு வாய் பருகச் சொன்னார்.

இந்த இடத்தில் மிகைப்படுத்தாமல் எழுத வேண்டும். இரசம் இனிப்பாக மாறிவிடவில்லை. துவர்ப்பு இருந்தது, ஆனால் அதற்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. கொழுப்பு வாயில் தங்கவில்லை. மிளகின் காரம் கூர்மையடைந்தது. முதல் தடவை வெறும் புளிப்பாகப் பட்டதற்குப் பின்னால், காய்ந்த செர்ரிப் பழம் போலவும் நனைந்த மண் போலவும் ஒரு வாசனை எழுந்தது. அடுத்த துண்டை வாய் தானாகக் கேட்டது. அத்துண்டு முடிந்ததும் இரசத்தை நாடியது. நாங்கள் இருவரும் சேர்ந்து பருகியது ஒரு குவளைக்கும் குறைவே. வயிறு நிறைந்தபோது இரசத்தின் மேலிருந்த நாட்டமும் நின்றுவிட்டது. எங்களுக்கு வியப்பளித்தது அந்த நிறுத்தம்தான். எங்கள் வீட்டில் நாங்கள் அறிந்த குடிக்கு நிறுத்தம் என்ற ஒன்று கிடையாது.

மிளகைச் சொன்னோம். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது அந்த மிளகை நாடித்தான். மலையாளக் கரையின் விளைபொருள், ஐந்நூறு ஆண்டுகளாக அவர்களது பன்றிக்குட்டியின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. பதிலுக்கு அவர்கள் நமக்குக் கொண்டுவந்தவற்றுள் மிளகாய் உண்டு, சொற்களும் உண்டு. மேசை அவர்கள் சொல். பீப்பாயும் அவர்கள் சொல்லே. இரசம் நிறைக்கும் மரக்கலத்துக்கு அவர்கள் இட்ட பெயர் 'பிப்பா'. கலத்தின் பெயரை வாங்கிக்கொண்ட நாம் அதில் தாரும் மண்ணெண்ணெயும் நிறைத்தோம் என்று எங்கள் மகள் மொழிபெயர்த்தபோது அம்மையார் சற்று வருந்தியதாகவே தோன்றியது.

பன்றிக்குட்டி விழாக்கால உணவு, விலையும் அதிகம். அம்மையார் தம் கையால் சமைத்து எங்களுக்கு அளித்தது 'ஷன்பானா'. எங்கள் மனத்தில் நின்றதும் அதுவே. பால் வற்றி, ஈனும் வயதைக் கடந்த கிழட்டு வெள்ளாட்டின் இறைச்சியை எலும்போடு பெரிய துண்டுகளாக வெட்டி, கறுப்பு மண்சட்டியில் அடுக்கி, பூண்டு, பிரிஞ்சி இலை, மிளகு, உப்பு, கொழுப்பு சேர்த்து, முழுவதும் மூழ்கும்வரை சிவப்பு இரசத்தை ஊற்றுகிறார்கள். ஒரு துளி தண்ணீர்கூடச் சேர்ப்பதில்லை. விறகடுப்பின் தணிந்த சூட்டில் பல மணி நேரம் கிடந்து, இறைச்சி எலும்பை விட்டு நழுவும் பதத்தில், சாறு ஏறக்குறைய கறுப்பாகும்போது எடுக்கிறார்கள். உடன் வேகவைத்த உருளைக்கிழங்கும் கீரையும். ஆட்டின் முடைநாற்றத்தை அந்தப் புளிப்பும் துவர்ப்பும் அடக்கிவிடுகின்றன. முரட்டுத் தசையைப் புளிப்பு இளக்குகிறது. சட்டியில் ஊற்றிய அதே இரசம் குவளையிலும் இருந்தது.

இவ்வுணவின் பிறப்பைப் பற்றி இரண்டு கதைகள் வழங்குகின்றன. ஒன்று, கொயிம்ப்ராவுக்குத் தென்கிழக்கே செமிடே என்ற ஊரிலிருந்த புனித ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியர் மடத்தைப் பற்றியது. மடத்து நிலங்களை உழுதவர்கள் குத்தகையை ஆடுகளாகச் செலுத்தினார்களாம். யாரும் நல்ல ஆட்டைக் கொடுப்பார்களா? கிழட்டு ஆடுகளே வந்து சேர்ந்தன. அவற்றைத் தீனி போட்டு வளர்க்கவும் இயலாமல், வீணாக்கவும் மனமில்லாமல், கன்னியர் அவற்றை இரசத்தில் வேகவைத்துச் சட்டிகளில் சேமித்தனர். மேலே உறைந்த கொழுப்பு மூடியாக நின்று இறைச்சியை நெடுநாள் காத்தது. மற்றொரு கதை, 1810ஆம் ஆண்டு நெப்போலியனின் படைகள் வந்தபோது மக்கள் கிணறுகளில் நஞ்சு கலந்துவிட்டதாகவும், அதனால் தண்ணீருக்குப் பதில் இரசத்தில் சமைத்ததாகவும் சொல்கிறது. ஆவணம் காட்டி நிறுவக்கூடிய கதைகளாக இவை எங்களுக்குப் படவில்லை. இரண்டில் எதை நம்புகிறீர்கள் என்று அம்மையாரைக் கேட்டோம். "கன்னியரைத்தான் நம்புகிறேன். கிழட்டு ஆட்டை என்ன செய்வது என்று யோசித்தவள் ஒரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும்" என்றார். போர்த்துக்கல்லில் துறவு மடங்கள் 1834இல் கலைக்கப்பட்டன. ஆண்கள் மடங்கள் உடனே மூடப்பட்டன. பெண்கள் மடங்களில் புதியவரைச் சேர்க்கத் தடை விதித்து, கடைசிக் கன்னியர் இறக்கும்வரை விட்டுவைத்தார்கள். மடம் போயிற்று, சட்டி ஊருக்குள் வந்துவிட்டது.

இப்போது மிராண்டா து கோர்வு என்ற ஊர் தன்னை ஷன்பானாவின் தலைநகரம் என்று அழைத்துக்கொள்கிறது. அடுத்துள்ள போயாரிஷ், அதன் உலகத் தலைநகரமே தான்தான் என்று உரிமை கொண்டாடுகிறது. திருநெல்வேலிச் சீமையில் எந்த ஊர் அல்வா அசல் என்று நடக்கும் வழக்கு நினைவுக்கு வந்தது. அவ்வட்டாரத் திருமணங்களில் ஷன்பானா தவறாது. விருந்து முடிந்ததும் சட்டியில் மிஞ்சும் சாற்றில் உரொட்டித் துண்டுகளையும் கோசுக்கீரையையும் அடுக்கி ஒரு கஞ்சி செய்வார்கள். அதன் பெயரே 'திருமணக் கஞ்சி'. மணமக்களை விட வேலையாள்களுக்கே அது அதிகம் வாய்த்தது என்றார் அம்மையார்.

மீனுக்கு இந்த இரசம் ஆகாது. போர்த்துக்கீசியர் மத்தி மீனைக் கரியில் சுட்டு ஆவலோடு உண்பவர்கள். நமக்கும் அது உறவுதான். ஆனால் பாகாவோடு மத்தியை உண்டால் வாயில் துருப்பிடித்த ஆணியைக் கடித்தாற்போன்ற சுவை வருகிறது. சிவப்பு இரசத்திலுள்ள இரும்புச்சத்து மீன் எண்ணெயோடு சேர்வதால் இவ்வாறு ஆகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் கண்டறிந்துள்ளனர். உப்பிட்டு உலர்த்திய காட் மீனை மட்டும் அவர்கள் விதிவிலக்காக வைத்திருக்கிறார்கள். ஒலிவ எண்ணெயில் மிதக்க, பூண்டோடு சுட்ட அந்தக் கருவாட்டுக்குச் சிவப்பு இரசம் ஊற்றத் தயங்குவதில்லை. முதிர்ந்த இரசமாக இருந்தால் பொருந்துகிறது என்பது எங்கள் அனுபவம். இளம் இரசம் வேண்டாம். கொயிம்ப்ராவுக்குத் தெற்கே ரபசால் என்ற இடத்தில் செம்மறி, வெள்ளாட்டுப் பால்களைக் கலந்து செய்யும் பாலாடைக்கட்டி, சற்று உலர்ந்த நிலையில், மிக நன்றாகச் சேர்ந்தது.

நம் சமையலோடு எப்படி? அதையும் பார்த்துவிட்டோம். ஒரு நாள் அம்மையாரின் அடுப்பில் எங்கள் கைவண்ணம்: ஊரிலிருந்து கொண்டுபோன மிளகாய்ப் பொடி சேர்த்து ஓர் ஆட்டுக்கறிக் குழம்பும், மிளகு மட்டும் இட்டு ஒரு வறுவலும் செய்தோம். குழம்போடு இரசம் முற்றிலும் தோற்றது. மிளகாயின் எரிச்சலும் துவர்ப்பும் ஒன்றையொன்று தூண்டி, வாய் தீப்பற்றியது போலாயிற்று. அம்மையார் கண்ணில் நீர் வழிய உரொட்டியைத் தேடினார். வறுவலோடோ இருபதாண்டு நண்பர்களைப்போல் சேர்ந்துகொண்டது. அவர்கள் நமக்குக் கொடுத்த மிளகாய் அவர்களது இரசத்துக்கே ஆகவில்லை. நாம் கொடுத்த மிளகு ஆகிறது! கோவாவின் விந்தாலு இதே சிக்கலைக் கண்டதுதான். இரசத்திலும் பூண்டிலும் இறைச்சியை ஊறவைக்கும் போர்த்துக்கீசிய முறைதான் அதன் மூலம். கோவாவில் இரசத்தின் இடத்தில் காடி வந்தது. மிளகாய் உள்ளே நுழைந்தது.

இவ்வளவு சொன்னபின், இந்த நாட்டில் திராட்சை இரசம் என்றும் உணவின் பணிவுள்ள தோழனாகவே இருந்தது என்ற எண்ணத்தை வாசகர்களிடம் விட்டுச்செல்ல விரும்பவில்லை. உண்மை அதுவன்று. 'களைத்த குதிரையின் கஞ்சி' என்று ஓர் உணவு அங்கே இருந்தது. உரொட்டியைப் பிய்த்துப் போட்டு, சிவப்பு இரசம் ஊற்றி, சர்க்கரை தூவியது. விடியற்காலையில் வயலுக்குப் போகும் கூலியாள்கள் அதை உண்டார்கள்; பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். சாலசாரின் ஆட்சிக்காலத்தில், இரசம் பருகுவது பத்து இலட்சம் போர்த்துக்கீசியருக்கு உரொட்டி கொடுப்பதாகும் என்ற முழக்கம் நாடெங்கும் பரப்பப்பட்டது. விற்காத இரசத்தை விற்க அரசு கண்ட வழி. உரொட்டி இல்லாத வீட்டில் அம்முழக்கம் எவ்வாறு ஒலித்திருக்கும்?

ஷன்பானா வெந்துகொண்டிருந்த அந்த மாலையில் எங்களுள் ஒருவர் தம் தந்தையின் கதையை அம்மையாரிடம் சொன்னார். அதுவரை எங்கள் மகளுக்கே முழுமையாகத் தெரியாத கதை. அவள் மொழிபெயர்க்கும்போது இரண்டு முறை நிறுத்திவிட்டாள். அம்மையார் கேட்டுவிட்டு நெடுநேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு தம் தந்தையைப் பற்றிச் சொன்னார். அவர் பிறர் தோட்டத்தில் கூலி. கூலியின் ஒரு பகுதி இரசமாகவே கொடுக்கப்பட்டது. விடியலில் தொடங்கிவிடுவார். வீட்டில் இருந்தது எட்டுப் பேர். இரவில் அவர் வரும் காலடியின் ஓசையைக் கொண்டே எவ்வளவு குடித்திருக்கிறார் என்று பிள்ளைகள் கணித்துவிடுவார்களாம். "எங்களுக்கும் தெரியும் அந்தக் கணக்கு" என்றார் எங்களுள் அவர். இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை போலும். அம்மையார் முன்னதாகவே அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

அவருடைய தாய் ஒரு சட்டம் வைத்திருந்தார். உரொட்டி மேசைக்கு வந்து, எல்லோருக்கும் வெட்டிக் கொடுக்கப்படும்வரை வீட்டுக்குள் இரசக் குடுவை திறக்கப்படக் கூடாது. கணவரை அச்சட்டத்துக்குள் கொண்டுவர அந்தத் தாயால் இயலவில்லை. பிள்ளைகள் ஆறு பேரும் அதைக் காப்பாற்றினார்கள். முதல் நாள் எங்கள் பக்கம் நகர்த்தப்பட்ட உரொட்டிக் கூடையின் பொருள் அப்போதுதான் விளங்கிற்று. குவளை காலியாக இருப்பதை அவர் பொறுப்பார். கூடை காலியாக இருப்பதைப் பொறுக்க மாட்டார்.

பாகாவுக்கு அண்மைக் காலத்தில் மறுபடியும் ஒரு சோதனை வந்தது. போர்த்துக்கல் 1986இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தபின் சந்தை விரிந்தது. உலகம் விரும்பியதோ உடனே பருகத்தக்க, மென்மையான, உணவு இன்றியும் இறங்கக்கூடிய இரசம். பத்து ஆண்டு காத்திருந்தால்தான் அடங்கும் பாகாவை யார் வாங்குவார்? பலர் பாகாக் கொடிகளை அகற்றி, பிரெஞ்சு நாட்டு இனங்களை நட்டனர். 2003இல் விதிகளும் தளர்ந்தன. பாகாவை விடாமல் பற்றி நின்றவர்களுள் முதன்மையானவர் லூயிஷ் பாத்து. 1980இல் தம் முதல் இரசத்தைச் செய்தவர். 'பாத்து' என்றால் வாத்து. அவரது சீசாக்களில் வாத்தின் படம் இருக்கும். அவர் காம்பை நீக்கி நொதிக்கச் செய்தார். குலைகளில் ஒரு பகுதியை முன்னதாகவே பறித்து நுரை இரசத்துக்கு அனுப்பி, எஞ்சியவை மழைக்கு முன் முழுமையாகப் பழுக்க வழி கண்டார். இன்று அவருடைய மகளும் பிறரும் அதே இனத்தில் உழைக்கிறார்கள். புதிய பாகா முன்னைப்போல் முரடானதன்று. நல்லதுதான். ஆயினும் அதை முற்றிலும் மென்மையாக்கி, உணவே வேண்டாத பானமாகச் செய்துவிடும் முயற்சிகளும் கண்ணில் படுகின்றன. அவை வெற்றி பெறக் கூடாது என்றே நாங்கள் விரும்புகிறோம். துவர்ப்பு போய்விட்டால் பிறகு உரொட்டிக்கு யார் காத்திருப்பார்கள்?

இந்த இரசத்தைப் பரிமாறும் முறையைக் கேட்பவர்களுக்கு ஒன்றிரண்டு குறிப்புகள். பத்து ஆண்டுக்கு மேற்பட்ட சீசாவின் அடியில் வண்டல் இருக்கும். முதல் நாளே நிமிர்த்தி வைத்து, மெல்ல வேறு குடுவைக்கு மாற்ற வேண்டும். நம் ஊர் வெயிலின் சூட்டில் பருகினால் சாராய நெடி முன்னே வந்துவிடும். அவர்களது நிலவறையின் குளிர்ச்சி, அதாவது 18 பாகைக்கு மேற்படாத நிலை, இருக்க வேண்டும். மதுச்சத்து நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு உண்டு என்பதை மறக்கலாகாது. குடியிலிருந்து மீண்டவர்களும் மீள முயல்பவர்களும் இருக்கும் மேசைக்கு எந்த உணவோடும் இது பொருந்தாது. அந்த அம்மையாரின் மூத்த சகோதரர் வந்திருந்த மதிய உணவில் மேசைமேல் தண்ணீர்க் கூசா மட்டுமே இருந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

நாங்கள் புறப்படும் நாளுக்கு முந்திய இரவு, கடைசியாக ஒரு சீசா திறக்கப்பட்டது. நால்வரும் சேர்ந்து பாதியைக்கூடத் தாண்டவில்லை. அம்மையார் தக்கையை அழுத்தி மூடி, அலமாரியில் பூண்டுக் கூடையின் பக்கத்தில் வைத்தார். தம்பி ஒரு கிழட்டு ஆட்டை அறுத்திருக்கிறார், வியாழக்கிழமை தொடையொன்று வந்து சேரும், சட்டிக்கு அது உதவும் என்றார்.